மூலைக்குப் போன ஸ்பீக்கர்

"மாமா, இதை யாரு மறுபடியும் மூலையில தூக்கி வெச்சது?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள் மருமகள். பகலெல்லாம் வீட்டில் இருந்தது மாமனார் ஒருவர்தான். ஆக, கேள்வி வெறும் மரியாதைக்கு.

"நான்தாம்மா" என்றார், ரயில் ஓட்டி ரிட்டயர் ஆன மாமனார். "அங்க இருந்தா நல்லா இருக்கு."

நல்லா இருக்காம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வேலை பார்ப்பது ஒலிப்பதிவுக் கூடத்தில். பாடுகிறவர் மூச்சு வாங்கினால், அது எந்த மூக்குத் துவாரம் வழியாக என்று சொல்லிவிடுகிற காது. ஆசைப்பட்டு வாங்கிய வயர்லெஸ் ஸ்பீக்கர் அது. பார்க்க ஒரே டப்பாதான். ஆனால் வைக்கிற இடத்தில் வைத்தால் ஹாலே பாடும்.

சோபாவில் உட்கார்ந்தால் காது இருக்கிற உயரம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. மேஜை அதிராமல் அடியில் ரப்பர் விரிப்பு. இப்படிப் பார்த்துப் பார்த்து அவள் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்தால், ஹால் மூலையில், தரையில், மூக்கைச் சுவரில் இடித்துக்கொண்டு நிற்கும். சேட்டை செய்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"மாமா, மூலையில வெச்சா பேஸ் ஊதிப் பெருத்துடும். டொம் டொம்னுதான் கேக்கும். குரலே கேக்காது."

"குரல் கேக்காதா?"

"சுத்தமா கேக்காது."

"அப்ப சரியான இடம்தான்" என்று அவர் முணுமுணுத்த மாதிரி இருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. முகம் கழுவிட்டு வா."

கணவன் கண்ணாடிக் கடையை அடைத்துவிட்டு வந்ததும், படுக்கையறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"உங்க அப்பாவுக்குக் காது அவுட்டா, இல்ல வேணும்னே பண்றாரா?"

"ஒரு டப்பாவுக்குப் போயி இவ்வளவு சத்தமா?"

"டப்பாவா? அப்ப நான் பார்க்கிற வேலையும் உங்களுக்கு டப்பாதானா?"

அவ்வளவுதான். டப்பாவில் கிளம்பிய பேச்சு, கட்டிலில் கிடந்த ஈரத் துண்டைத் தொட்டு, அவனுடைய தங்கச்சியின் வாயைத் தொட்டு, இவளுடைய அண்ணன் கல்யாணத்தில் அவன் தூங்கி வழிந்தது வரைக்கும் போனது. குரல் கூரையை முட்டுகிற நேரத்தில், ஹாலிலிருந்து அடித்தது.

டொம்! டொம்! டொம்!

"பாத்தீங்களா! நான் வாயைத் திறந்தா போதும், பாட்டைப் போட்டு என்னை அமுக்கறாரு! எனக்கு ஒண்ணும் வேணாம். அவரை உங்க தங்கச்சி வீட்ல கொஞ்ச நாள் இருக்கச் சொல்லுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவன் நெற்றியைத் தேய்த்தான். "நாளைக்கு வந்து நானே சொல்லித் தொலைக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து திரும்பும்போது, மாடிப்படியில் பக்கத்து வீட்டம்மா வழிமறித்தாள். அடுக்ககத்தில் அவளுக்குச் 'செய்தி அறிக்கை' என்று பெயர். ஒரு வீட்டில் தும்மினால், அடுத்த மாடியில் அதை நிமோனியா என்று சேர்த்துவிடுவாள்.

"ஏம்மா, உங்க மாமனார்கிட்ட கொஞ்சம் சொல்லி வையேன். நடுவுல இருக்கிற சுவரு வெறும் அட்டை. டொம் டொம்னு அடிச்சா வேற ஒண்ணுமே காதுல விழ மாட்டேங்குது!"

"வேற என்ன ஆன்ட்டி விழணும்?"

"அதுக்கில்ல... மேல் வீட்ல புருஷன் பொண்டாட்டி பேசி ஒரு வாரம் ஆச்சு. கீழ் வீட்ல மருமக பெட்டியைக் கட்டிட்டா. நாலு வீட்டு விஷயம் தெரிஞ்சாத்தானே ஒத்தாசையா இருக்கலாம்? உன் வீட்டைப் பத்தி யாராவது கேட்டா, எனக்குச் சொல்ல ஒரு வரி கிடையாது. முன்ன ஒரு தடவை, நீ கத்துற மாதிரி இருந்துது. உங்க மாமனாரை விசாரிச்சேன். 'டிவி நாடகம்'னுட்டாரு."

மருமகள் படியில் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு விறுவிறுவென்று ஏறினாள்.

ஹாலில் ஸ்பீக்கர் மேஜை மேல் இருந்தது. அவள் வைத்த இடத்திலேயே, ரப்பர் விரிப்பின் மேலேயே. எதிர் சோபாவில் கண்ணை மூடியபடி மாமனார்.

"வாம்மா. புல்லாங்குழல்காரர் மூச்சு எடுக்கிறதுகூடக் கேக்குது. நீ வெக்கிற இடம் தனிதான்."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் புல்லாங்குழலைக் கேட்டார்கள்.

கதவு திறந்தது. கணவன் வந்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த முகம். தொண்டையைச் செருமினான்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

"ஒரு விஷயமும் இல்ல!" என்றாள் அவள் பட்டென்று. "நீங்க உள்ள போங்க."

"நேத்து நீதானே சொல்லச் சொன்னே?"

"நேத்து சொன்னா, இன்னிக்கும் அதையே பிடிச்சுத் தொங்குவீங்களா?"

"அப்ப நான் என்ன கிறுக்கனா?"

"அதை வேற என் வாயால கேக்கணுமா?"

மாமனார் எழுந்தார். பாட்டை நிறுத்தினார். ஸ்பீக்கரை அலுங்காமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், மூலையில், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்க வைத்தார். வால்யூம் பட்டனில் விரலை வைத்தபடி மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்னச் சண்டையாம்மா, பெரிய சண்டையா?"