கிளிப்பச்சை

“இது என்னது, வட்டமா ஒரு மரச்சட்டம்?”

கடிகாரக்காரர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து எதையோ இழுத்துத் தூசி தட்டி, மனைவியின் மடியில் வைத்தார்.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். எம்பிராய்டரி வளையம். அதில் இறுக்கிப் பூட்டிய துணி. துணியில் குத்தியபடியே ஓர் ஊசி.

“அட, என் கிளி!”

யாருக்காகத் தொடங்கினாள் என்பதே மறந்துபோயிருந்தது. ஏதோ அவசரத் தையல் வந்து, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே தள்ளியது. துணிமேல் துணி ஏறி, கிளி அடியில் போய்விட்டது.

பார்வை போன பிறகு அவள் இந்த அறைக்குள் வரவே இல்லை. தையல் மெஷினை விற்றாயிற்று. மிச்சத்தையும் தெருமுனையில் புதிதாகக் கடை போட்டிருக்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம் என்று காலையில் அவளேதான் சொன்னாள். சாயங்காலம் மகள் வந்து மூட்டைகளை எடுத்துப் போவதாக ஏற்பாடு.

பொத்தான் டப்பா, லேஸ் சுருள், ஜிப்புகள், நூல்கள் எல்லாம் ஏற்கெனவே மூட்டைக்குள். வளையத்தையும் வாங்கிப் போட அவர் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

“ஓரம் முழுக்கச் சங்கிலித் தையல் போட்டு முடிச்சிருக்கேன். உள்ளே நிரப்புறதுதான் பாக்கி. ஓரம் கைக்கு நல்லாவே தெரியுது. ஆனா, நூல் கலரை யார் சொல்றது?”

“நான் எதுக்கு இருக்கேன்?”

சொல்லிவிட்டு ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு மூட்டையை அவிழ்த்து நூல் டப்பாவைத் தேடி எடுத்தார்.

ஊசி கோப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கைக்கடிகாரத்துக்குள் கடுகளவு திருகாணியைக் கழற்றி மாட்டிய கை. ஊசிக்காதெல்லாம் அவருக்கு லாரி நுழைகிற வாசல்.

“உடம்புக்குக் கிளிப்பச்சை,” என்றாள்.

டப்பாவுக்குள் வெகுநேரம் துழாவினார். நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இந்தா. கண்ணைப் பறிக்குது!”

முதல் சில இழைகள் கோணிக்கொண்டு போயின. பிரித்தாள். இடது விரலை ஓரத்தில் காவல் வைத்து, அதை ஒட்டி ஊசியை இறக்கினாள். பிடிபட்டுவிட்டது. சிறகு நிரம்பியது, கழுத்து நிரம்பியது.

ஒருமுறை விரலில் நறுக்கென்று குத்திக்கொண்டாள். அவர் பதறிப்போனார்.

“விடுங்க. ஊசி குத்தியே எவ்வளவு நாளாச்சு!” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவர் கேட்டும்தான் எவ்வளவோ நாளாகியிருந்தது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூக்குக்குச் சிவப்பு கேட்டபோது, டப்பாவை முழுதாகக் கவிழ்த்துக் கொட்டித் தேடிக் கொடுத்தார்.

மகள் வந்தபோது கிளி முடிந்திருந்தது. அப்பா வாசலிலேயே மறித்தார்.

“மூட்டையெல்லாம் ஒண்ணும் எடுத்துட்டுப் போக வேண்டாம். உள்ளே போய்ப் பாரு, அம்மா என்ன பண்ணி வச்சிருக்கான்னு!”

சொல்லிவிட்டு, சீட்டியடித்தபடியே டீ போடப் போனார்.

மகள் வளையத்தைக் கையில் வாங்கினாள்.

பச்சை ஓரத்துக்குள், ரத்தச் சிவப்பில் ஒரு கிளி. மூக்கு மட்டும் பச்சை.

மகளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அம்மாவுக்குத்தான் தெரியவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அப்பாவுக்குமா?

“அம்மா, இந்தக் கிளி...”

“சிவப்பா இருக்கா?”

அம்மா ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

“கதவைச் சாத்துடி. சிவப்பும் பச்சையும் உங்க அப்பாவுக்குப் பிரிச்சுத் தெரியாது. கல்யாணமான புதுசுலயே கண்டுபிடிச்சுட்டேன். அவர் சட்டையை யார் எடுத்து வைப்பா? பழம் காயா கனியான்னு யார் பார்த்து வாங்குவா? எல்லாம் நான்தானே.”

“அப்போ தெரிஞ்சேதான் தைச்சியா?”

அம்மா வளையத்துக்காகக் கை நீட்டினாள். மகள் கொடுத்ததும், நிரப்பிய சிறகின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கும் அவர் பக்கத்துல வந்து உட்காரணும். அவருக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. நீ பாட்டுக்குப் போட்டு உடைச்சுடாதே.”