கல்லறையில் சிரித்தவன்

ஆம்பூர் மாதா கோயிலில் கோயில்பிள்ளையாகச் சேர்ந்த மூன்றாம் நாளே ஞானமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. யாரோ ஒருவன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லைப் படித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"செத்தவரைப் பார்த்து இன்னாய்யா சிரிப்பு?"

"நீங்களே படிங்க. 'சூசைநாதன், தோல்மண்டித் தொழிலாளி. பட்டாளத்தில் சேர்ந்து, 1917இல் பஸ்ரா பக்கம் துருக்கியருடன் நடந்த யுத்தத்தில் மரித்தார். கள்ளைத் தொடாதவர். மனைவியிடம் அதிர்ந்து பேசாதவர்.' அத்தனையும் பொய்! தினம் குடிப்பான். அவன் போடுற கூச்சல் காட்பாடி வரைக்கும் கேக்கும்."

"அவர் சம்சாரம் ராயம்மா வாராவாரம் பூ வைக்குதாம். இப்ப வர்ற நேரம்தான். அது எதிர்ல இப்படிப் பேசுவியா?"

"அவகிட்ட பேசத்தான் வந்தேன்."

வாசலில் பூக்கூடை விழுந்தது. ராயம்மாள் ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நீ செத்துட்டேன்னு சர்க்காரே தந்தி அடிச்சுதேய்யா! ரெண்டு வருஷமா எங்க இருந்தே?"

"துருக்கிக்காரன் ஜெயில்ல. சண்டை முடிஞ்சு இப்பதான் வுட்டாங்க."

ராயம்மாள் அழுதபடியே சிரித்தாள். "நான் வச்ச இந்தக் கல்லைப் பேத்துடலாமா?"

"வேணாம்டி," என்றான் சூசைநாதன். "எழுதினபடி இருந்து பாக்கறேன்."