படித்ததாகக் கருதப்படும்

குழுத் தலைவர் பேனா மூடியைக் கழற்றியபோது அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

மடியில் மசோதா. நாற்பத்தொரு பிரிவுகள். ஆங்கிலத்தில் வந்ததை ஒரு வாரம் உட்கார்ந்து தமிழாக்கியவள் அவள்தான். சட்டமன்றக் குழு கையெழுத்திடும் முன், மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பிரிவையும் உரக்க வாசிக்க வேண்டும். அது அந்த அறையின் வழக்கம்.

"படிச்சதா வச்சுக்குவோம்மா," என்றார் தலைவர். "கேன்டீன்ல பிரியாணி ஆறுது."

எல்லாரும் சிரித்தார்கள்.

அதுவும் அந்த அறையின் வழக்கம்தான்.

மேசைக்கு எதிர்ப்புறம் கிருபாகரும் சிரித்தார். பெரிய வங்கிகளின் கூட்டமைப்புக்கு ஆலோசகர். நல்ல மனிதர். காலையில் அவள் ஓடிவருவதைப் பார்த்து லிஃப்டை நிறுத்தி வைத்தவர். மசோதாவின் வரைவு அவருடைய அலுவலகத்திலிருந்துதான் அரசுக்கு வந்திருந்தது. அரசு அதில் தேதியை மட்டும் மாற்றியிருந்தது.

பதினொரு உறுப்பினர்கள் முன்னாலும் மசோதாவின் ஒரு பிரதி, கூடவே வழவழப்பான ஒரு கோப்பு. வங்கிகள் கொடுத்தது.

இரண்டையும் யாரும் பிரிக்கவில்லை.

அவளை உறுத்தியது ஏழாம் பிரிவு.

கைநாட்டு வைக்கிறவர் வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்தால், பத்திரம் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டியாக வேண்டும். இன்றைய சட்டம் அப்படி. ஏழாம் பிரிவு அதை எடுத்துவிடுகிறது. ரேகை விழுந்தால் போதும். படித்துக் காட்டியதாகக் கருதப்படும்.

அந்த வரியைத் தமிழில் மூன்று முறை அடித்து எழுதினாள். எப்படி எழுதினாலும் அதே பொருள்தான் வந்தது.

பிரிவு அலுவலரிடம் சொல்லிப் பார்த்தாள். "நம்ம வேலை மொழி மேடம். கருத்து இல்ல," என்றார். சரிதான். இருபத்தாறு வருடங்களாக அப்படித்தான் இருந்திருக்கிறாள். காலைத் தொழுகையில் மட்டும் ஏழாம் பிரிவை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள்.

பேனா தாளை நோக்கி இறங்கியது.

அப்போதுதான் அவரைப் பார்த்தாள்.

மேசையின் கடைசியில், ஈரோட்டுப் பக்கத்து உறுப்பினர் சென்னியப்பன். கறுப்புக் கண்ணாடி. கண்புரை எடுத்து நாலு நாள்தான் ஆகிறது. மசோதாவை மூக்கருகே கொண்டுபோனார். கை நீளத்துக்குத் தள்ளினார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. எழுந்துபோய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்களுக்கு மட்டும் படிச்சுக் காட்டட்டுங்களா?"

"உங்களுக்கு எதுக்குங்க அம்மணி சிரமம்?"

"இதுக்குத்தாங்க ஐயா சம்பளமே."

"அப்பப் படிங்க. எனக்கு அவசரமில்லீங்க. டாக்டரு காரத்தையே கண்ணுல காட்டக்கூடாதுன்னுட்டாரு."

பிஸ்மில்லாஹ் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு ஆரம்பித்தாள்.

தலைவர் பேனாவைக் காற்றில் பிடித்தபடி காத்திருந்தார். கண் ஆபரேஷன் செய்துகொண்டவரை யார் அவசரப்படுத்துவது?

முதல் பிரிவு, சட்டத்தின் பெயர். இரண்டாவது, அது என்று முதல் நடைமுறைக்கு வரும் என்பது. தாழ்ந்த குரலில்தான் வாசித்தாள். நான்காம் பிரிவில் யாரோ செல்போனைக் கவிழ்த்து வைத்தார்கள். ஐந்தாம் பிரிவில் பக்கத்துப் பேச்சு நின்றது.

ஏழாம் பிரிவையும் அதே குரலில் வாசித்தாள். கூட்டவில்லை. குறைக்கவில்லை.

சென்னியப்பன் கையைத் தூக்கினார்.

"இருங்க அம்மணி. யாருக்குப் படிச்சுக் காட்ட வேண்டாங்குது?"

"படிக்கத் தெரியாதவங்களுக்குங்க ஐயா."



"ஏனுங்க கிருபாகரு," என்றார் சென்னியப்பன். குரலில் சண்டை இல்லை. சந்தையில் விலை விசாரிப்பது போலத்தான் கேட்டார். "படிச்சுக் காட்டுனா உங்களுக்கு என்னங்க நட்டம்?"

"நட்டமெல்லாம் இல்லைங்க ஐயா. ஒரு பத்திரத்துக்கு முக்கால் மணி நேரம் போகுது. அதான்."

"எனக்கு இப்ப எத்தன நேரம் போச்சு?"

"நாலு நிமிஷம்," என்றார் யாரோ.

"அந்த நாலு நிமிஷம் இல்லீன்னா நானும் சரின்னு கையெழுத்துப் போட்டிருப்பேனுங்க. கைநாட்டுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

சொல்லிவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார்.

பக்கத்து உறுப்பினர் சிரிக்கவில்லை. அவர் தன் மசோதாவைப் பிரித்து ஏழாம் பிரிவைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்தவரும். அதற்கும் அடுத்தவர் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் துழாவினார். அறை முழுக்கத் தாள் புரளும் சத்தம், தேர்வு எழுதும் கூடம் போல.

தலைவர் பேனாவை மூடினார். ஏழாம் பிரிவின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

"இன்னும் எத்தனை இருக்கும்மா?"

"முப்பத்துநாலுங்க ஐயா."

"நாற்காலிய நடுவுல போட்டுக்கங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

அவள் நாற்காலியை நகர்த்தினாள். எட்டாம் பிரிவைத் தொடங்கியதும் குரல் கம்மிற்று. செருமிக்கொண்டாள்.

கிருபாகர் பென்சில் வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, அவள் பக்கம் நகர்த்தினார்.

"நிதானமாப் படிங்க மேடம்," என்றார்.