கதவிலிருந்த எல்க் மான்

“கீறல் இருந்த இடமே தெரியாது. பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் எழுதித் தரேன்” என்றார் டிங்கரிங் பட்டறைக்காரர்.

குன்வொர் பட்டறைகளின் பெயர்களை எழுதி வைத்திருந்த சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து இந்தப் பட்டறையின் பெயரையும் அடித்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது. இந்த ஊரில் வேலை தெரியாதவன் ஒருத்தன்கூடவா இல்லை என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

“எடுக்கச் சொல்லலைங்க, போடச் சொல்றேன். இந்த போட்டோவுல இருக்கிற மாதிரியே, முன்கதவுல ஆரம்பிச்சு பின்கதவு வரைக்கும் ரெண்டு கோடு.”

அவர் போட்டோவைப் பார்த்தார். வாசலில் கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டிருந்த சிவப்புக் காரைப் பார்த்தார். பிறகு, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று மெதுவாக விசாரித்தார்.

அவள் வீட்டில் வேறு இருப்பது கணவர் ரூனே ஒருவர்தான். பன்னிரண்டு வருடங்களாக ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊர் ஆட்களோடு காட்டுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். இதுவரை ஒன்றைக்கூடச் சுட்டதில்லை.

அவருக்கென்று இருந்த ஒரே எல்க், அந்தக் கார்க் கதவில்தான் இருந்தது. முதல் வருட வேட்டையிலிருந்து திரும்பும்போது காட்டுப் பாதையில் ஒரு எல்க் குறுக்கே பாய்ந்து கதவைக் கொம்பால் கிழித்துவிட்டுப் போனதாம். வேட்டை முடிந்து எல்லோரும் சாப்பிட வரும்போது ரூனே அவர்களை வாசலுக்கு அழைத்துப் போய் அந்தக் கீறலைக் காட்டுவார். முதல் வருடம் அது சின்ன மானாக இருந்தது. போன வருடம் அதன் கொம்பில் பதினான்கு கிளைகள்.

இந்த வருடம் அவருக்கு அறுபது வயது. திங்கட்கிழமை அவர் நண்பரின் வண்டியில் காட்டுக்குக் கிளம்பியதும், பிறந்தநாள் பரிசாக இருக்கட்டும் என்று குன்வொர் காரை நகரத்துக்கு ஓட்டிப் போய்ப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்துவிட்டாள்.

“பன்னிரண்டு வருஷக் கீறலா? பனி உருகறதுக்கு ரோடு பூரா உப்பு கொட்டுறாங்க, பொட்டுத் துருகூட இல்லையே” என்று அங்கிருந்த பெயின்டர் ஆச்சரியப்பட்டார்.

“எங்க வீட்டுக்காரர் அவ்வளவு நல்லா பார்த்துக்குவார்” என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

நேற்று மாலை ரூனே போன் செய்தார்.

“இந்த வருஷமும் ஒண்ணும் மாட்டல. புதுசா ஒருத்தன் சேர்ந்திருக்கான், என்னை வெச்சு ஒரே கேலி. நாளைக்கு மத்தியானம் சாப்பிட வருவான்ல, கதவைக் காட்டுறேன், அப்ப வாயை மூடுவான். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதானே குன்வொர்.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தானே கீறிவிடலாம் என்று தோட்டத்து முள்வாரியை எடுத்துக்கொண்டு கார் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். புதுப் பெயின்டைப் பார்த்ததும் கை எழவில்லை.

இப்போது சீட்டில் மிச்சமிருந்தது ஹில்டிங் ஒருவர்தான். மர அறுப்பு ஆலைக்குப் பின்னால் பட்டறை வைத்திருப்பவர். ரூனே ஒவ்வொரு வசந்தத்திலும் பனிக்குப் போட்ட குளிர்கால டயரைக் கழற்றி மாற்ற அங்கேதான் போவார். ஆனால் பெயின்ட் வேலைக்கு மட்டும் அந்தப் பக்கமே போகக்கூடாது, கதவைக் குதறி வைத்துவிடுவான் என்று அவளிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

குதறத்தானே வேண்டும் என்று குன்வொர் வண்டியைத் திருப்பினாள். மத்தியானத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

ஹில்டிங் ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் ஏலக்காய் பன்னுமாக வெளியே வந்தார். காரைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

“அடடா, யாரு இப்படிப் பாழாக்கினது?”

“நான்தான். ஆசையா செஞ்சது, வம்பாயிடுச்சு” என்று குன்வொர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். “மத்தவங்க எல்லாம் ரொம்ப நல்லா வேலை செய்றாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

“பாராட்டுன்னே எடுத்துக்குறேன்.”

“ரூனேவுக்கு மட்டும் தெரியவே கூடாது. அது நிஜ எல்க் போட்ட கீறல் இல்லைன்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்.”

ஹில்டிங் தலை குனிந்து பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். உள்ள காபி இருக்கு, ஊத்திக்குங்க. அரை மணி நேர வேலைதான்.”

“இந்த போட்டோவைப் பார்த்துக்குங்க” என்று அவள் நீட்டினாள்.

அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த ஒரு பழைய எல்க் கொம்பை எடுத்து வந்தார். அதன் நுனிகளில் அவள் காரின் சிவப்பு அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது.

கொம்பைக் கதவில் வைத்து அளவு பார்த்துவிட்டு ஹில்டிங் கேட்டார்:

“பழைய அளவே போதுமா, இல்ல ரூனே வருஷா வருஷம் சொல்றபடி நாலு விரல் கூட்டிடவா?”