பூவரசுக்கு அடியில்

பூம்புகார்ப் பக்கம், கடல்நீர் புகுந்து உவராகிப்போன வயலில் நிற்கிறது அந்தச் சின்னக் காடு. எல்லாம் மண் ஆய்வாளர் விண்ணரசி வைத்து வளர்த்த புங்கனும் பூவரசும். மரம் வந்தால் மண்ணுக்கு உயிர் திரும்புமா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மழை விட்ட சாயங்கால வெயில் இலைகளின் நடுவே இறங்கி, மண்டியிட்டிருக்கும் அவள் தோளில் விழுகிறது. ஈரச் சருகை ஒதுக்கிவிட்டுக் கொத்துகிறாள். கறுத்த மண் பொலபொலவென்று உதிர்கிறது; அதற்குள் ஒரு மண்புழு நெளிகிறது. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல். அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் நிமிர்கிறாள். நிலத்துக்காரர் மீரா உசேன் செருப்பைக் கையில் பிடித்தபடி வரப்பில் வருகிறார்.

“திங்கக்கிழமை மரம் வெட்ட ஆளு வராங்கம்மா. இறால் குட்டை போட நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டேன். எனக்கு வேற வழி தெரியலை.”

“இதப் பாருங்க பாய்” என்று கையை நீட்டுகிறாள்.

அவர் குனிந்து பார்க்கிறார். “எங்க வாப்பா காலத்துல மம்பட்டி போட்டா கொத்துக் கொத்தா வரும்” என்கிறார். வந்த வரப்பிலேயே திரும்பி நடக்கிறார்.

தூரத்தில் அலைச் சத்தம். புழு அவள் விரலிடுக்கில் தலையை நுழைத்து மண் தேடுகிறது. விண்ணரசி சுற்றிலும் பார்க்கிறாள். மரநிழல் முடிகிற இடத்திலிருந்து நாலு பக்கமும் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கிறது. எடுத்த இடத்திலேயே புழுவை விட்டு, சருகை இழுத்து மூடுகிறாள். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.