கல்லறைத் தோட்டத்து வேலி

அக்குவாப்பெம் மலையில், மிஷன் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு நாலடி வெளியே ஒஃபோரிவாவின் மகளைப் புதைத்திருந்தார்கள். ஞானஸ்நானம் வாங்குமுன் செத்த பிள்ளைக்கு உள்ளே இடமில்லை என்று மிஷனின் வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வேலி அந்தக் குழியைத் தாண்டி நின்றது.

"பிடுங்கி நட்டது நீதானே?" என்றார் உபதேசியார் தியோஃபில்.

"எழுபது கம்பு, உபதேசியாரே! ஒத்தைப் பொம்பளை நடுற காரியமா? உங்க துரை வேணா வந்து நட்டுப் பாக்கட்டும்."

கம்புகள் வேர் பிடித்துத் துளிரும் விட்டிருந்தன. உபதேசியார் ஆளோடு ஆளாகக் குனிந்து அவற்றைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே நட்டார். செவ்வாய்க்கிழமை வேலி மறுபடி தாண்டியிருந்தது. புதன்கிழமையும் அப்படியே.

"என் முதுகு விட்டுப்போச்சு, தாயி. உன் பிள்ளை உள்ளயே இருக்கட்டும். துரைகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மகள் போனபிறகு ஒஃபோரிவா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். கைப்பிள்ளையான சின்னவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் கதவைத் திறந்தாள். வேலி அவள் வீட்டையும் வளைத்துக்கொண்டு நின்றது. சின்னவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெளியேற வழி தேடி வேலியோரமாகவே நடந்தாள். இருந்த ஒரே வாசல் கல்லறைகளுக்கு அந்தப் பக்கம் இருந்தது.