மூன்றாவது மணி

இந்தக் காலத்தில் ஒருத்தனும் தன் காதை நம்புவதில்லை, மூக்கை நம்புவதில்லை. பச்சை விளக்கு எரிந்தால் பல்லைக் காட்டுகிறான், சிவப்பு எரிந்தால் ஓட்டம் பிடிக்கிறான். இரும்பு உருக்காலையின் கேட்டுக்காரருக்கு அதை நினைத்தாலே எரியும்.

முப்பது வருஷமாகப் பழைய இரும்பு லாரிகளை உள்ளே விட்டவர் அவர். லோடில் சிலிண்டர் வந்தால் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார், காதைச் சாய்ப்பார். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை எவனோ தட்டிப் பார்க்காமல் உலையில் போட்ட சிலிண்டர், சூட்டில் காற்று முட்டி, கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்துபோய் அடுத்த கம்பெனியின் தண்ணீர்த் தொட்டியில் குளித்தது.

காற்றின் அழுத்தத்தை அவர் ஒத்துக்கொள்வார். சீறும், உதைக்கும். ஒளிவுமறைவு கிடையாது.

ஆனால் வாசலின் இருபுறமும் நட்டு வைத்திருக்கும் இந்த மஞ்சள் தூண்கள்? கண்ணுக்குத் தெரியாத, சத்தமும் நாற்றமும் இல்லாத கதிரைக் கண்டுபிடிக்குமாம். கதிர் வீசும் ஆஸ்பத்திரிக் கழிவு ஏதாவது இரும்போடு கலந்து வந்து உலையில் உருகிவிட்டால் ஊருக்கே கேடாம்.

"அப்படி ஒண்ணு இருந்தா நேர்ல வந்து நிக்கச் சொல்லு" என்பார்.

இன்று தூண் கத்தியது. அதுவும் அவருடைய மாப்பிள்ளையின் லாரிக்கு.

சொந்த லாரி. முதல் லோடு. மூன்று முறை மணி அடித்தால் லாரியின் நம்பர் தடைப் பட்டியலில் ஏறிவிடும். அப்புறம் எந்த ஆலையும் அதை வாசலில் நிற்கக்கூட விடாது.

காலையிலிருந்து பதினோரு லாரிகள் சத்தமில்லாமல் போயிருந்தன. அப்போதெல்லாம் அவர் வாசலுக்கு வெளியே, தூரத்து எடைமேடை அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வண்டி என்றதும் மனசு கேட்கவில்லை. இறங்கி வந்து, லாரியின் பக்கவாட்டில் கை வைத்து, "வரட்டும் வரட்டும், லெஃப்ட்ல ஒடி" என்று தாமே ஊர்வலம்போலக் கூட்டி வந்தார்.

தூண் ஊளையிட்டது.

மொத்த லோடையும் இறக்கினார்கள். கதிர் அளக்கும் மீட்டர்க்காரப் பெண் எல்லோரையும் கயிற்றுக்கு அப்பால் துரத்திவிட்டு, சைக்கிள் சட்டம், கட்டில் கால், ராட்டினத்து இரும்புக் குதிரை என்று ஒவ்வொன்றாகக் கைமீட்டரை நீட்டினாள். மீட்டர் வாயே திறக்கவில்லை.

ஏற்றினார்கள். அவர் கூட்டி வந்தார். ஊளை.

இறக்கினார்கள். ஒன்றுமில்லை. குதிரையை மட்டும் நாலு பேர் முறைத்துக்கொண்டே நின்றார்கள்.

மாப்பிள்ளையின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "மாமா, இன்னொரு தடவை அடிச்சா என் பொழப்பு போச்சு."

"நீ வண்டியை எடுக்காத. அந்தத் தூணை நான் என்னன்னு கேட்டுட்டு வரேன்."

சிலிண்டர் தட்டும் சுத்தியலோடு அவர் வாசலுக்கு நடந்தார். லாரி எஞ்சினை அணைத்துவிட்டு எங்கோ தூரத்தில் நின்றது. இரும்பெல்லாம் தரையில் கிடந்தது.

தூணுக்கு நேராக நின்றார். சுத்தியலை ஓங்கவில்லை. இன்னும் வாயைக்கூடத் திறக்கவில்லை.

தூண் ஊளையிட்டது.

முதலில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு சுமைகாரர்களில் ஒருத்தன் கெக்கெக்கே என்று ஆரம்பித்தான். மீட்டர்க்காரப் பெண் ஓடி வந்து மீட்டரை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். காலையெல்லாம் ஊமையாக இருந்த மீட்டர் கிர்ரென்று பொரிந்து தள்ளியது.

"ஐயா, நேத்து லீவு போட்டீங்களே, எங்க போனீங்க?"

அவர் வானத்தைப் பார்த்தார்.

அவர் சட்டைப் பையில் ஒரு மடித்த காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. எழுத்து அவருக்கு ஆகாது. நர்ஸ் கொடுத்ததைக் காலையிலிருந்து விசிறியாகத்தான் வைத்திருந்தார். மீட்டர்க்காரப் பெண் அதை உருவி உரக்கப் படித்தாள்.

"இவருக்கு இதய ஸ்கேனுக்காகக் கதிரியக்க மருந்து ஊசி மூலம் செலுத்தப்பட்டுள்ளது. சில நாட்களுக்கு, கதிரைக் கண்டறியும் கருவிகளின் அருகே இவர் சென்றால் எச்சரிக்கை மணி ஒலிக்கக்கூடும்."

மாப்பிள்ளை இரும்புக் குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாமா! அந்த ஆஸ்பத்திரிக் கழிவு நீங்கதானா!"

சட்டென்று நிறுத்தினான். "இதயமா? வீட்ல சொல்லவே இல்லையே?"

"நல்லாத்தான் இருக்காம். உன் பொண்டாட்டிகிட்ட மூச்சு விட்டே, லாரியை நானே திருப்பி அனுப்பிடுவேன்."

"பயப்படாதீங்கய்யா" என்றாள் அந்தப் பெண், ஊளைக்கு மேல் குரலை உயர்த்தி. "மருந்துல இருக்கிற அணு ஒவ்வொண்ணா கதிரை வீசிட்டு அடங்கிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா பாதி குறையும்."

அவர் விரலை மடக்கினார். "பாதி. அதுல பாதி. அதுலயும் பாதி. இப்படியே போனா எப்பதான்மா தீரும்? படிக்காதவன்னு கதை விடாத."

சுத்தியலின் கைப்பிடியால் தன் நெஞ்சில் ஒரு தட்டு தட்டினார். காதைச் சாய்த்தார்.

சீறவில்லை, முட்டவில்லை. ஒன்றுமே இல்லை.

உதட்டைப் பிதுக்கிவிட்டு, சுத்தியலைத் தோளில் சாத்திக்கொண்டு எடைமேடையைப் பார்த்து நடந்தார். பாதி தூரத்தில் தூணின் ஊளை விக்கியது. பிறகு நின்றேபோனது.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாத்தீங்களா, ஒரு முறை முறைச்சேன். அடங்கிடுச்சு."